பேச்சியம்மாள் சொல்ல, நான் எழுத

கை எழுதிக்கொண்டுதான் இருக்கிறது, அதில் குறை ஒன்றும் இல்லை. பேச்சியம்மாள் சொல்கிறாள், நான் எழுதுகிறேன். மேசை விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே, அவசரமே இல்லாமல், நாயக்கர் காலத்தில் நீர்ப்பாசனம் என்பது, என்று சொல்லி நிறுத்துகிறாள். நான் ‘என்பது’ வரைக்கும் எழுதிவிட்டுக் காத்திருக்கிறேன். காத்திருப்பது எனக்கு ஆகவே ஆகாது. பஸ்ஸுக்குக் காத்திருந்தால் ஆட்டோ பிடிப்பேன், பால் பொங்கும்வரை நிற்க முடியாமல் அடுத்த அறைக்குப் போய்ப் பொங்கவிடுவேன். இப்போது ஒரு பெண் தலைக்குள் தேடி எடுத்துவரும் சொல்லுக்காகப் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறேன். பேனா பிடித்தே எத்தனையோ வருஷம் ஆயிற்று, நடுவிரல் எரிகிறது, எழுத்து கோழி கிளறின மாதிரி போகிறது, திருத்துகிறவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொள்வார். அவளுக்குப் பார்வை இல்லை, சத்தமாகச் சொல்லித்தான் எழுதவேண்டும் என்பதால் எங்களை மற்றவர்களோடு உட்காரவிடாமல் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் தனியாக உட்காரவைத்திருக்கிறார்கள். சுவரோரம் கண்ணாடிக் குடுவைகளில் என்னென்னவோ வேர்கள் ஊறிக்கொண்டிருக்கின்றன, அந்த மருந்து நெடி தொண்டையில் உட்கார்ந்துவிட்டது. வாசல் பக்க நாற்காலியில் மேற்பார்வைக்கு வந்த பேராசிரியர் கைக்குட்டையைக் கழுத்துப் பட்டைக்குள் செருகிக்கொண்டு பாளையங்கோட்டை வெயிலைச் சபித்துக்கொண்டிருக்கிறார். காலையில் அவர்தான் கேட்டார், என்னம்மா படிச்சிருக்கே என்று. ப்ளஸ் டூ சார், வீட்லதான் இருக்கேன் என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது. எம்.சி.ஏ. படித்து, சென்னைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்து, அது போதாதென்று உதவிக்கு ஆள் சேர்த்துக் கொடுக்க ஒரு இணையதளமும் கட்டி நடத்துகிற மங்கையர்க்கரசி, முப்பதைத் தொட்ட பிறகு ப்ளஸ் டூவோடு நின்றுபோனாள். பட்டப்படிப்பு எழுதுகிறவருக்குப் பட்டம் பெற்றவர் எழுதிக்கொடுக்கக் கூடாது, அதுதான் விதி. பிடித்தால் என்னை என்ன செய்துவிடுவார்கள், வெளியே போ என்பார்கள், போய்விடுவேன். அவளுடைய தாளைத்தான் ரத்து செய்வார்கள். அவளுக்கு இது ஒன்றுதான் பாக்கி. இந்த வரலாற்றுத் தாள் தேறினால் பட்டம், பட்டம் வந்தால் பி.எட்., இடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். தேறாவிட்டால் படித்தது போதும் என்று அண்ணன்காரன் சங்கரன்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். இதையெல்லாம் அவளுக்குப் பொறுப்பாக இருக்கிற எஸ்தர் டீச்சர் காலையில் சொன்னபோது சரி சரி என்று தலையாட்டிவிட்டு, அதே வாயால்தான் போய்ப் பொய் சொன்னேன்.

அக்கா, எழுதிட்டீங்களா, என்கிறாள். எழுதிவிட்டேன். மேலே சொல்கிறாள், குளங்கள், மதகுகள், யார் தண்ணீர் திறப்பது, யார் மூடுவது. எழுதுகிறேன். ஹரிணி இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பாள். அவளை நான் பார்த்ததில்லை, முகம் தெரியும், தளத்தில் வட்டத்துக்குள் சிரிக்கிற படம், பக்கத்தில் பச்சை டிக். பேச்சியம்மாளுக்குத் தேர்வு எழுத ஆள் தேவை என்று எஸ்தர் டீச்சர் போட்டதும் முதலில் பட்டனை அமுக்கியவள் அவள்தான். பச்சை விழுந்தது, கோரிக்கை மூடிக்கொண்டது, டீச்சர் நிம்மதியாக வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பச்சையை நம்பித்தான் போனார். காலையில் வேப்பமரத்தடியில் நாங்கள் நின்றபோதும் அந்தப் பச்சை அப்படியே இருந்தது, ஆள்தான் இல்லை. நான் அங்கே போனதே படம் எடுக்கத்தான், அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. மத்தியானம் ஒரு கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள், பிடித்துப்போனால் எங்கள் ‘துணையாள்’ தளத்தை எல்லா மாவட்டத்துக்கும் கொண்டுபோவார்கள், அவர்களுக்குக் காட்ட, உதவுபவரும் உதவி பெறுபவரும் சேர்ந்து நடந்துவருவது போல ஒரு படம் வேண்டும் என்று என் கூட்டாளி கதிரேசன் சொல்லியிருந்தான். முகத்தில் வெளிச்சம் விழவேண்டும் என்றும் சொன்னான். ஹரிணியைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். மூன்றாம் தடவை எடுத்து, அக்கா நான் பார்க்கிறேன்னுதான் அமுக்க வந்தேன், அந்தப் பட்டனே இல்லியே, என்று அழுகிற குரலில் சொல்லிவிட்டுப் போனை அணைத்துவிட்டாள். மணி அடிக்கப் போகிற நேரம். பேச்சியம்மாள் கைத்தடியை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு யாரையும் குற்றம் சொல்லாத குரலில் பேசினாள்.

“பச்சை வந்துட்டு, பச்சை வந்துட்டுன்னு டீச்சர் சொன்னாவ. எனக்குப் பச்சையும் ஒண்ணுதான், செவப்பும் ஒண்ணுதான்க்கா. ஆளு வந்தாத்தான் எனக்குத் தெரியும்.”

நான் எழுதுறேன் என்று அப்போதுதான் சொன்னேன். வீரமெல்லாம் இல்லை, நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பட்டன். அந்தப் பட்டனை விட்டு மனசு நகரமாட்டேன் என்கிறது. மதகு, எழுதிவிட்டேன், சொல்லும்மா. முதலில் மூன்று பட்டன்கள் வைத்திருந்தேன். வருவேன், பார்க்கிறேன், முடியாது. திறந்துவிட்ட முதல் மாதம் எல்லாரும் பார்க்கிறேன் என்பதையே அமுக்கினார்கள். முடியாது என்பதை ஒருவர்கூட, தவறியும், கை பட்டும் அமுக்கவில்லை. முதியோர் இல்லத்துக்காரர் போன் போட்டு, ஏம்மா, ஊரே பார்க்கிறேங்குது, யாரு வருவா, என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. உறுதியில்லாத ஜனங்கள், பதில் சொல்லத் தெரியாத ஜனங்கள் என்று திட்டிக்கொண்டே ஒரே மூச்சில் பார்க்கிறேனை எடுத்துவிட்டேன். மறுநாள் முதல் திரை முழுக்கப் பச்சை. கதிரேசன் துள்ளிக் குதித்தான். நானும்தான். பார்க்கிறேன் என்று சொன்னால் வரமுடியாது என்று அர்த்தம், அது நம் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனால் கட்டாயம் பார்க்கிறேன் என்பார்கள், அந்த வீட்டுக்கு இலை போடமாட்டோம். கடன் கேட்டால், வரன் கேட்டால், வேலை கேட்டால், எதற்கும் அந்த ஒரு சொல்தான், யாருக்கும் மனசு நோகாது. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லத் தெரியாதவர்களிடமிருந்து இருந்த ஒரே வாசலையும் அடைத்துவிட்டு, பார், எல்லாரும் வருகிறேன் என்கிறார்கள் என்று நான் பூரித்துப் போனேன். ஹரிணி பொய் சொல்லவில்லை. முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை, பார்க்கிறேன் என்று சொல்ல நான் விடவில்லை. அவளும் மூன்றாம் வருஷமோ இரண்டாம் வருஷமோ படிக்கிற பெண், அவளுக்கும் இன்றைக்கு ஏதாவது தேர்வு இருந்திருக்கும், இல்லை வீட்டில் விட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்தது ஆறாவது கேள்விக்கா, பாளையக்காரர் முறை. சரி, ஆறு, கோடு போட்டு எழுதுகிறேன், பாளையக்காரர் முறை. விசுவநாத நாயக்கர், எழுபத்திரண்டு பாளையம், எனக்கே பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வருகிறது. இவள் நன்றாகச் சொல்கிறாள், பிறகு ஏன் இந்தத் தாளில் இரண்டு தடவை போயிற்று. போன தடவை எழுத வந்த பையன் பாதியில் தூங்கிவிட்டானாம், அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள், குறட்டை கேட்டுத்தான் தெரிஞ்சுதுக்கா என்று. அப்போது தளம் இல்லை. இதற்காகத்தானே கட்டினேன், இந்த மாதிரிக் கூத்துக்கெல்லாம் முடிவு கட்டத்தானே. ஆரம்பித்தது ஒரு பிறந்தநாளில். தோழி மகளுக்குப் பிறந்தநாள் என்று ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் பிரியாணி எடுத்துக்கொண்டு போனோம், எங்களுக்கு முன்னால் இரண்டு கூட்டம் பிரியாணியோடு வந்து போயிருந்தது. பிள்ளைகள் மூன்றாவது தடவையாக வரிசையில் நின்று, யாரோ ஒரு குழந்தைக்கு, தொண்டை கட்டிப்போய் வாழ்த்துப் பாடின. ஒரு பொடியன் கன்னத்தில் கேக் கிரீமோடு நின்றபடியே கண்ணயர்ந்து சாய்ந்தான். நாளைக்கு யார் வருவார்கள் என்று வார்டனைக் கேட்டேன், நாளைக்குத் திங்கட்கிழமைல்லா, யாரும் வரமாட்டாங்க, என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு உடம்பு பரபரத்தது. இது அன்புக் குறைச்சல் இல்லை, ஆள் பிரித்துக் கொடுக்கத் தெரியாத குறைச்சல், ஒரு ப்ரோக்ராம் எழுதினால் தீர்ந்தது என்று நினைத்தேன். அப்படி நினைத்தபோது இருந்த சந்தோஷம் இருக்கிறதே, அது மாதிரி ஒன்று எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. போன் கையில் இருந்தால் இந்நேரம் எடுத்துப் பார்த்திருப்பேன், கதிரேசன் எத்தனை தடவை கூப்பிட்டிருப்பானோ. வாசலில் அட்டெண்டர் மேசைமேல் எல்லாப் போனும் கவிழ்ந்து கிடக்கிறது. இன்றைக்கு ஹரிணி வரவில்லை என்பது கதிரேசனுக்குத் தெரியாது, தளத்துக்கும் தெரியாது, கம்பெனிக்காரர்களுக்கு அவன் காட்டப்போகிற திரையில் பேச்சியம்மாள் பெயருக்கு எதிரே பச்சைதான் இருக்கும். வெளியே கார்க் கதவு சாத்துகிற சத்தம். வராந்தாவில் ஷூ. ஒருவர் இல்லை, இரண்டு பேர். பறக்கும் படை. பேராசிரியர் கழுத்திலிருந்த கைக்குட்டையை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து நிற்கிறார், அப்படியென்றால் அவர்கள்தான். என்ன படிச்சிருக்கே, எந்தப் பள்ளிக்கூடம், எந்த வருஷம் என்று கேட்டால் என்ன வருஷம் சொல்வது, இப்போதுதான் முடித்தேன் என்றால் முகத்தைப் பார்த்தாலே தெரியும், காதோரம் ஒரு நரை இருக்கிறது, முந்தானையை இழுத்து மூடலாமா, சேலையில் வந்திருக்கவே கூடாது. ஷூச் சத்தம் வாசலுக்கு வந்து, நின்று, மாடிப்படி ஏறிப் போகிறது. ஏறியே போய்விட்டது. பேராசிரியர் உட்கார்ந்துகொண்டார். பேச்சியம்மாள் சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருக்கிறாள். என்ன சொன்னாள், எனக்குத் தெரியவில்லை. ஒரு வாக்கியம், நீளமானது, உதடு அசைந்தது தெரியும், ஒரு எழுத்துகூடக் காதில் விழவில்லை.

எழுதிட்டீங்களாக்கா, என்கிறாள். உம் என்கிறேன். ஏன் உம் என்றேன். இன்னொரு தடவை சொல்லும்மா என்றால் போயிற்று, நாக்கு எழவில்லை, இவளும் ஒரு தூங்குமூஞ்சி என்று நினைத்துவிடுவாளோ என்று ஒரு கௌரவம். விட்டுப்போன இடத்தில் கை தானாக எழுதியது, இவ்வமைப்பு அதிகாரப் பரவலாக்கத்தின் தொடக்கநிலை வடிவம் எனலாம். நன்றாகத்தான் இருக்கிறது. கேள்விக்குப் பொருத்தமானதுதான், மதிப்பெண் கிடைக்கும், கூடவே கிடைக்கும். நல்லதுதானே செய்தேன். அவள் அடுத்த வரியைச் சொன்னாள், எழுதினேன், அதற்கடுத்ததையும் எழுதினேன், இனி ஒரு சொல்லையும் தவறவிடக் கூடாது என்று காதைத் தீட்டிக்கொண்டு எழுதினேன். கடைசிக் கேள்வியும் முடிந்ததும், இன்னும் நேரம் கிடக்குல்லா, ஆறாவதை மட்டும் வாசிங்கக்கா, என்றாள். வாசித்தேன். அந்த வரியை மட்டும் கொஞ்சம் வேகமாக வாசித்துக் கடந்துவிடப் பார்த்தேன். மேசை விளிம்பில் போய்க்கொண்டிருந்த கட்டைவிரல் நின்றது.

“இது நான் சொன்னது இல்லியே.”

தப்பா, என்று கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன், பேராசிரியர் இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“தப்பு இல்ல. நான் சொன்னது எங்க?”

கவனிக்கவில்லை, வெளியே சத்தம் கேட்டது, பயந்துவிட்டேன், என்று ஒன்றின்மேல் ஒன்றாக உளறினேன். மறுபடி சொல்லு, ஓரத்தில் சேர்த்து எழுதிவிடுகிறேன் என்றேன். அவள் யோசித்தாள். முகத்தைச் சற்று மேலே தூக்கி, கழுத்தை ஒருபக்கம் சாய்த்து, உள்ளே எதையோ தட்டிப் பார்க்கிறவள் போல யோசித்தாள். நான் காத்திருந்தேன், இந்தத் தடவை என்னால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்க முடியும் போலிருந்தது. கடைசியில் தலையசைத்தாள்.

“அது புத்தகத்துல உள்ளது இல்லக்கா. பேசப் பேச அப்ப வந்துச்சு. இப்ப வரல.”

அடித்துவிடட்டுமா என்றேன். இதுக்கு மார்க் உண்டா என்று கேட்டாள். உண்டு என்றேன். அப்ப கெடக்கட்டும், என்றாள். அப்புறம், உதடு அதிகம் அசையாமல், ப்ளஸ் டூக்காரவ இப்படி எழுதமாட்டாவ, என்று சொன்னாள். நான் வாசல் பக்கம் பார்த்தேன். அவள் பேராசிரியரைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் போவது அவள் பட்டம், அது எனக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நாலாவது கேள்வியில் கடைசிப் பத்தி அரைகுறையாக நிற்கிறது, எழுதுவோமா, என்றாள். அதன்பிறகு அவள் சொன்ன விதமே வேறு. வாக்கியமாகச் சொல்லவில்லை. ஒரு சொல் சொன்னாள், நிறுத்தினாள், வாசிங்க என்றாள். வாசித்தேன். அடுத்த சொல். வாசிங்க. கால்புள்ளி என்றாள், வைத்தேன். வச்சாச்சா என்றாள். சின்னப் பிள்ளைக்கு மாத்திரை கொடுத்துவிட்டு விழுங்கினாயா, வாயைத் திற என்று பார்ப்பது மாதிரி ஒவ்வொன்றையும் பார்த்தாள். காலையில் முழுசு முழுசாக, நம்பி, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாளே, அது போய்விட்டது. அதைப் போக்கியது நான். அழுகை வந்தது, அழுதால் தாளில் விழும், விழுங்கிக்கொண்டு எழுதினேன். மனசு எங்கேயும் ஓடவில்லை, ஓட இடமில்லை, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் அவள் விட்ட இடைவெளி அவ்வளவு சின்னது.

மணி அடித்து, தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு, அட்டெண்டர் மேசையில் போன்களை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தோம். வெயில் முகத்தில் அடித்தது. அவள் கை என் முழங்கையைப் பிடித்திருந்தது, பிடிக்காமல் இருந்திருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தேறிவிடுவாய் என்றேன். தேறிருவேன், அது தெரியும், என்றாள். எஸ்தர் டீச்சரிடம் நானே எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றேன். என் போனில் கதிரேசனின் அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன, ஒரு செய்தியும் இருந்தது, அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு, படம் எங்கே, என்று. படிக்கும்போதே பேச்சியம்மாளின் போன் பேச ஆரம்பித்தது. திரையில் வருவதையெல்லாம் அவளுக்கு வாசித்துக் காட்டுகிற அந்தக் குரல், ஆணும் இல்லாமல் பெண்ணும் இல்லாமல், கடகடவென்று வாசித்தது. துணையாள். இன்றைய தேர்வு இனிதே நிறைவுற்றது. பேச்சியம்மாள் ஆகிய உங்கள் நெஞ்சார்ந்த நன்றி ஹரிணிக்கு அனுப்பப்பட்டது. தங்களைப் போன்ற நல்லுள்ளத்தால் என் வாழ்வில் ஒளி பிறந்தது என்று தெரிவிக்கப்பட்டது.

அவள் நின்றுவிட்டாள். இன்னொரு தடவை வாசிக்கவிட்டாள். வாழ்வில் ஒளி என்கிற இடம் வந்ததும் எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. தேர்வு நேரம் முடிந்தால் தானாகப் போகும்படி வைத்தது, எல்லாருக்கும் ஒரே கடிதம், பெயர் மட்டும் மாறும்.

“நான் இதையும் சொல்லலியே. யாருக்கா எழுதுனது?”

கம்ப்யூட்டர் என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

“நான்தாம்மா எழுதினேன்,” என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

“அந்தப் பிள்ள பாவம்க்கா. வராத குத்தத்துக்கே முழிச்சுக்கிட்டு இருக்கும். இதையும் படிச்சா எப்படிச் சோறு எறங்கும்?”

நம்பர் இருக்கா, போடுங்க, நான் பேசுதேன், என்றாள். வேப்பமர நிழலில் நின்று ஹரிணியின் எண்ணைப் போட்டேன். இப்போது அணைத்து வைக்கவில்லை, மணி போய்க்கொண்டே இருந்தது. எடுத்தால் இவள் அவளிடம் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. பேச்சியம்மாள் போனுக்காகக் கையை நீட்டினாள், கொடுத்தேன்.